கூகுள் வழியாக உள்ளே வர முடியவில்லையா? எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள்

'கூகுள் வழியாக உள்நுழைக' என்ற பொத்தானை ஒரு தளத்தில் வைப்பது அரை நாள் வேலை. அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதற்குச் சில சமயம் ஒரு வாரம் போய்விடுகிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தளம் அமைத்துத் தருகிறவர்களில் பலர் தனி ஆட்கள். சர்வரும் அவர்கள் பொறுப்பு, வாடிக்கையாளரின் போனும் அவர்கள் பொறுப்பு. அப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து, அறிகுறி வாரியாக இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு இரண்டு தளங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒரு கடை. முகவரி தேன்கூடு.எக்ஸாம்பிள். முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிற்கிறது, அதன் பின்னால் 8000-ஆம் போர்ட்டில் ஜாங்கோவில் எழுதிய தளச் செயலி ஓடுகிறது. கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் மூன்று வழியாகவும் உள்நுழையலாம். இன்னொன்று, ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டப்பணித் தளம். அங்கே மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் இரண்டும் உண்டு. திரையில் ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்திகளை ஒலிப்படியே எழுதியிருக்கிறேன்.

இந்த உள்நுழைவுக்கு அடிப்படையான ஓஆத் 2.0 என்ற ஏற்பாடு 2012-இல் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. பயனர் யார் என்று அடையாளம் சொல்லும் ஓப்பன்ஐடி கனெக்ட் 2014-இல் அதன் மேல் வந்து சேர்ந்தது. நடப்பது இவ்வளவுதான். நம் சர்வர் பயனரின் பிரவுசரை வழங்குநரிடம் (கூகுள், ஃபேஸ்புக் போன்றவர்) அனுப்புகிறது. கூடவே கிளையன்ட் ஐடி (வழங்குநரிடம் நம் தளத்துக்கு உள்ள அடையாளம்), திரும்பி வரவேண்டிய முகவரி, 'ஸ்டேட்' என்ற ஒரு தற்செயல் எழுத்துச்சரம் ஆகியவை போகின்றன. வழங்குநர் பயனரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, 'கோடு' என்ற ஒரு குறுங்காலக் குறியீட்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார். பிறகு நம் சர்வர் அந்தக் கோடையும் தன் சீக்ரெட்டையும் (நம் தளத்தின் கடவுச்சொல் போன்றது) வழங்குநரிடம் நேரடியாகக் காட்டி, பயனருக்கான அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிக்கொள்கிறது.

ஆகவே, எந்தப் பிழை வந்தாலும் முதலில் பிரவுசரின் முகவரிப் பட்டியைப் பாருங்கள். அதில் இருப்பது யாருடைய பெயர்? கூகுளின் பெயர் என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. கோளாறு நாம் அனுப்பிய கோரிக்கையிலோ வழங்குநரிடம் செய்த பதிவிலோ இருக்கிறது. உங்கள் தளத்தின் பெயர் என்றால் ஆள் திரும்பிவிட்டார். இனி உங்கள் சர்வரின் லாக்கில் தேடினால் போதும். இதைப் பார்க்காமல் சீக்ரெட்டை மாற்றிப் பார்ப்பது, லைப்ரரியை மாற்றிப் பார்ப்பது எல்லாம் வீண் அலைச்சல்.

கூகுள் பக்கத்திலேயே 400, 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்'

எல்லாரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். நாம் அனுப்பிய திரும்பும் முகவரி, கூகுள் கன்சோலில் (நம் செயலியைப் பதியும் பக்கம்) பதிந்த முகவரியோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஏறக்குறைய ஒத்துப்போனால் போதாது. பெயருக்கு முன்னால் இனிஷியலா பின்னால் இனிஷியலா என்று பார்த்துப் படிவத்தைத் திருப்பித் தரும் வங்கி ஊழியரைப் போல, கூகுள் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிடும். எச்டிடிபி வேறு, எச்டிடிபிஎஸ் வேறு. டபிள்யூடபிள்யூடபிள்யூ இருப்பது வேறு, இல்லாதது வேறு. கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் வேறு, இல்லாவிட்டால் வேறு.

இங்கே பலர் தங்கள் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, 'சரியாகத்தானே இருக்கிறது' என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோப்பில் எழுதியதைப் பார்த்துப் பயனில்லை; கம்பியில் போனதைப் பாருங்கள். பிழைப் பக்கத்துக்குப் போவதற்கு முன் பிரவுசரின் நெட்வொர்க் தாவலைத் திறந்துவையுங்கள். கூகுளுக்குப் போன கோரிக்கையில் 'ரீடைரக்ட்_யூஆர்ஐ' என்ற மதிப்பைப் பிரதி எடுங்கள். சதவீதக் குறியோடு 3ஏ என்று இருப்பது முக்காற்புள்ளி, 2எஃப் என்று இருப்பது சாய்கோடு. அவிழ்த்துப் படித்தால் விஷயம் கண்ணெதிரே நிற்கும்.

தேன் கடையைப் போன்ற அமைப்பில், பெரும்பாலும் அங்கே எச்டிடிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எச்டிடிபி இருக்கும். காரணம் எளியது. வெளியிலிருந்து வரும் மறையாக்கத்தை என்ஜின்எக்ஸ் அவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஜாங்கோவிடம் சாதாரண எச்டிடிபியில் பேசுகிறது. ஜாங்கோவுக்குத் தான் எச்டிடிபிஎஸ் தளம் என்பதே தெரியாது. தெரிந்ததை வைத்துத் திரும்பும் முகவரியை உருவாக்குகிறது. சில இடங்களில் இன்னும் மோசமாக, 127.0.0.1:8000 என்ற உள்முகவரியே கூகுளுக்குப் போய்விடும். உள்நுழைவுக் கோளாறுகளில் பாதி கூகுளின் கோளாறே அல்ல, சர்வருக்குத் தன் சொந்த முகவரி தெரியாத கோளாறு என்பது என் கணிப்பு.

தீர்வு இரண்டு பக்கமும் செய்ய வேண்டியது. என்ஜின்எக்ஸ் அமைப்பில் 'ஹோஸ்ட்' தலைப்பையும் (ஹெடர், அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பு) 'எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ' தலைப்பையும் உள்ளே கடத்த வேண்டும். உள்ளே இருக்கும் செயலி அதை நம்ப வேண்டும். ஜாங்கோவில் 'செக்யூர்_பிராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர்', எக்ஸ்பிரஸில் 'டிரஸ்ட் பிராக்ஸி', ஸ்பிரிங் பூட்டில் 'சர்வர்.ஃபார்வர்டு-ஹெடர்ஸ்-ஸ்ட்ராட்டஜி'. ஒரு பக்கம் மட்டும் செய்தால் எதுவும் மாறாது. அதனால்தான் 'ஹெடர் போட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை' என்ற புலம்பல் அடிக்கடி கேட்கிறது. இன்னொன்று: அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் போலியாக அனுப்பலாம். எனவே 8000-ஆம் போர்ட் வெளியுலகுக்கு மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தலைப்பை என்ஜின்எக்ஸ் தன் மதிப்பால் அழித்து எழுத வேண்டும்.

சர்வருக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற இடைநிலைச் சேவை இருந்தால் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அங்கே 'ஃப்ளெக்ஸிபிள்' முறை தேர்வாகியிருந்தால், பிரவுசரிலிருந்து கிளவுட்ஃபிளேர் வரைதான் எச்டிடிபிஎஸ். அங்கிருந்து உங்கள் சர்வர் வரை வெறும் எச்டிடிபி. என்ஜின்எக்ஸ் தன் கண்ணுக்குத் தெரிந்த எச்டிடிபியையே நேர்மையாக உள்ளே சொல்லும். சர்வரில் ஒரு சான்றிதழ் நிறுவி, 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' முறைக்கு மாறுங்கள். ஃப்ளெக்ஸிபிள் முறையை எந்தக் கடைக்கும் நான் பரிந்துரைப்பதில்லை, உள்நுழைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

குறுக்குவழியாக எச்டிடிபி முகவரியையே கூகுளில் பதியலாம் என்று நினைத்தால், லோக்கல்ஹோஸ்ட்டைத் தவிர வேறெதற்கும் கூகுள் அதை ஏற்காது. வெறும் ஐபி எண்ணையும் ஏற்காது. அலுவலக வைஃபையில் 192.168 என்று தொடங்கும் முகவரியைப் போனில் திறந்து சோதிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சோதனைக்கென ஒரு துணை டொமைனைச் சான்றிதழோடு ஒதுக்கிவிடுவதே நல்லது. கன்சோலில் 'ஜாவாஸ்கிரிப்ட் ஆரிஜின்ஸ்' என்ற பெட்டியும் 'ரீடைரக்ட் யூஆர்ஐ' என்ற பெட்டியும் அருகருகே இருக்கின்றன. முழு முகவரி போக வேண்டியது இரண்டாவதில். மாற்றம் அமலுக்கு வர 5 நிமிடம் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே அங்கே சொல்கிறது. அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மாற்றினால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

மற்ற வழங்குநர்களிடமும் இதே கோளாறு வேறு பெயரில் வரும். மைக்ரோசாஃப்டில் ஏஏடிஎஸ்டிஎஸ்50011. ஃபேஸ்புக்கில் 'யூஆர்எல் பிளாக்ட்'. கிட்ஹப்பின் ஓஆத் செயலிக்கு ஒரே ஒரு திரும்பும் முகவரிதான் பதியலாம். எனவே மடிக்கணினியில் சோதிக்க ஒரு செயலி, நிஜத் தளத்துக்கு ஒரு செயலி என்று தனித்தனியாகப் பதிந்துவிடுங்கள்.

எனக்கு உள்ளே போகிறது, வாடிக்கையாளருக்குப் போகவில்லை

முகவரிப் பட்டியில் இன்னும் வழங்குநரின் பெயர்தான் இருக்கும். கூகுள் என்றால் 403, 'ஆக்ஸஸ் டினைட்'. செயலி இன்னும் 'டெஸ்டிங்' நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் பட்டியலில் சேர்த்த சோதனைப் பயனர்கள் மட்டுமே நுழைய முடியும், அதுவும் 100 பேர் வரைதான். கன்சோலில் செயலியை வெளியிட்டுவிட்டால் தீர்ந்தது. பெயர், மின்னஞ்சல், சுயவிவரம் ஆகியவற்றுக்கு மேல் வேறு அனுமதியும் கேட்கும் செயலி டெஸ்டிங் நிலையில் இருந்தால், ரிஃப்ரெஷ் டோக்கன் (பயனரை மறுபடி கேட்காமல் புது டோக்கன் வாங்க உதவுவது) 7 நாளில் காலாவதியாகும். வாரம் தவறாமல் ஒரு நாள் காலண்டர் இணைப்பு அறுந்துபோகிறது என்ற விடுதிக்காரரின் புகாருக்குப் பின்னால் பேயோ பில்லிசூனியமோ இல்லை, இந்த 7 நாள்தான்.

ஃபேஸ்புக்கிலும் இதே கதை. 'டெவலப்மென்ட்' நிலையில் இருக்கும் செயலிக்குள், அதில் பொறுப்பு ஒதுக்கப்பட்டவர்கள் மட்டுமே வர முடியும். கல்லூரித் தளத்தில் மைக்ரோசாஃப்ட் ஏஏடிஎஸ்டிஎஸ்50020 என்று சொன்னால், வேறொரு நிறுவனத்தின் கணக்கை வைத்துக்கொண்டு, ஒரே நிறுவனத்துக்கென்று பதிந்த செயலிக்குள் ஒருவர் நுழையப் பார்க்கிறார். கல்லூரிக் கணக்கு இருந்தும் 'நிர்வாகி ஒப்புதல் தேவை' என்று வந்தால் சர்வரில் செய்ய ஒன்றுமில்லை; கல்லூரியின் ஐடி பொறுப்பாளரைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் இணைப்பைத் தொட்டால் மட்டும் 403

கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலத்தின் படத்தைப் போட்டு இன்ஸ்டாகிராமில் அறை விளம்பரம் செய்யும் விடுதிகளுக்கு இது பழகிய தொல்லை. குரோமில் திறந்தால் ஓடும். இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ விளம்பரத்தைத் தொட்டு வந்தால் 'டிஸ்அலவ்ட் யூசர்ஏஜென்ட்'. அந்தச் செயலிகள் தமக்குள்ளேயே ஒரு சிறு பிரவுசரைத் திறக்கின்றன. பயனர் கடவுச்சொல்லைத் தட்டுவதை அந்தச் செயலியால் பார்க்க முடியும் என்பதால், அத்தகைய உட்பதிந்த பிரவுசர்களில் கூகுள் உள்நுழைவை அனுமதிப்பதில்லை. நியாயமான தடை. பிரவுசர் தன்னை இன்னதென்று சொல்லும் யூசர்ஏஜென்ட் சரத்தை மாற்றி ஏமாற்றும் வழிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, தொடாதீர்கள்.

அந்தச் சிறு பிரவுசரை அடையாளம் கண்டால், கூகுள் பொத்தானுக்குப் பதில் 'மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, பிரவுசரில் திறக்கவும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஒரு வரி காட்டுங்கள். எல்லை தாண்டி வரும் பயணிகள் இங்கே நிறைய. மின்னஞ்சலுக்கு ஓடிபி அனுப்பும் மாற்று வழியும் இருந்தால் அறை பதிவு கைவிட்டுப் போகாது. உங்கள் சொந்த ஆண்ட்ராய்டு செயலி, தளத்தை வெப்வியூவில் (செயலிக்குள் உட்பதிந்த பிரவுசர்) சுற்றிக் கொடுத்ததாக இருந்தாலும் இதே பிழை வரும். உள்நுழைவை மட்டும், போனின் நிஜ பிரவுசரைப் பயன்படுத்தும் 'கஸ்டம் டேப்' வழியாகத் திறக்க வேண்டும்.

திரும்பி வந்துவிட்டார், ஆனால் 'ஸ்டேட்' பொருந்தவில்லை

இப்போது முகவரிப் பட்டியில் உங்கள் பெயர். புறப்பட்டபோது செஷனில் (சர்வர் அந்தப் பயனருக்கென வைத்திருக்கும் நினைவு) வைத்த ஸ்டேட்டும் திரும்பியபோது வந்த ஸ்டேட்டும் ஒன்றல்ல. அல்லது செஷனே காணவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியில் புறப்பட்டு, இல்லாத முகவரிக்குத் திரும்பினால், செஷனை அடையாளம் காட்டும் குக்கி கூடவே வராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, மற்றதை நுழைவாயிலிலேயே அதற்குத் திருப்பிவிடுங்கள். செஷனை நினைவகத்தில் வைத்திருந்து, பல புராசஸ்கள் ஓடினால், ஒன்று அனுப்பியவரை இன்னொன்று வரவேற்கும். அதற்கு இவர் யாரென்றே தெரியாது. 'சில சமயம் ஓடுகிறது, சில சமயம் ஓடவில்லை' என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள். செஷனை ரெடிஸிலோ தரவுத்தளத்திலோ வையுங்கள்.

வேற்றுத் தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்று சொல்லும் 'சேம்சைட்' மதிப்பைக் கவனிக்க வேண்டும். அதை 'ஸ்டிரிக்ட்' என்று வைத்திருந்தால் கூகுளிலிருந்து திரும்பும்போது குக்கி வராது, 'லாக்ஸ்' போதும். 2020-இல் குரோம் 80 வந்தபோது, மதிப்பு எதுவும் எழுதாத குக்கியை லாக்ஸ் என்றே கொள்ளத் தொடங்கியது. ஆப்பிள் மட்டும் இதில் விதிவிலக்கு. பெயரோ மின்னஞ்சலோ கேட்டால், ஆப்பிள் பயனரை ஒரு போஸ்ட் கோரிக்கையாகத்தான் திருப்பி அனுப்பும். வேற்றுத் தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு லாக்ஸ் குக்கி வராது. எனவே கூகுளும் ஃபேஸ்புக்கும் ஓடி, ஆப்பிள் மட்டும் ஸ்டேட் பிழை தந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். ஸ்டேட்டுக்கென்று ஒரு தனிக் குக்கி வைத்து, அதற்கு மட்டும் சேம்சைட் 'நன்', கூடவே 'செக்யூர்' என்று எழுதுங்கள். முதன்மைச் செஷன் குக்கியைத் தளர்த்தாதீர்கள்.

ஸ்டேட் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டால் பிழை மறைந்துவிடும் என்பது உண்மை. அதன் பிறகு, தாக்குபவர் தன் கணக்கில் உங்கள் வாடிக்கையாளரை அவருக்கே தெரியாமல் உட்காரவைத்துவிடலாம். வாடிக்கையாளர் அங்கே தன் வீட்டு முகவரியைப் பதிந்து வைப்பார்.

'இன்வாலிட் கிளையன்ட்', 'இன்வாலிட் கிரான்ட்'

இவை சர்வர் லாக்கில் மட்டும் தெரியும். பயனருக்கு வெறும் 500. முதலாவது, சீக்ரெட் தவறு. வாட்ஸ்ஆப்பிலிருந்து பிரதி எடுத்தபோது ஒட்டிக்கொண்ட இடைவெளி, கோப்பை மாற்றிவிட்டுச் செயலியை மறுதொடக்கம் செய்யாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். மைக்ரோசாஃப்டில் ஒரு விசேஷம் உண்டு: சீக்ரெட்டை உருவாக்கினால் 'வேல்யூ', 'சீக்ரெட் ஐடி' என்று இரண்டு நெடுவரிசைகள் தெரியும். வேண்டியது வேல்யூ, அது உருவாக்கிய உடனே மட்டும்தான் முழுதாகக் காட்டப்படும். பிற்பாடு வந்து, கண்ணில் பட்ட ஐடியைப் பிரதி எடுத்தால் ஏஏடிஎஸ்டிஎஸ்7000215. காலாவதியான சீக்ரெட் என்றால் 7000222. ஆப்பிளின் சீக்ரெட் நீங்களே கையொப்பமிட்டு உருவாக்கும் ஒரு டோக்கன். அதற்கு அதிகபட்சம் 6 மாத ஆயுள். ஆறாம் மாதம் ஒரு நாள் யாரும் எதையும் தொடாமலே உள்நுழைவு படுத்துவிட்டால் காரணம் அதுதான். டோக்கனைத் தானாகப் புதுப்பிக்கும் ஒரு சிறு நிரல் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, கோடு செல்லாது. ஒருமுறை பயன்பட்ட கோடு மறுபடி பயன்படாது. திரும்பும் பக்கத்தை யாராவது ரிஃப்ரெஷ் செய்தால் இது வரும். டோக்கன் கேட்கும்போது அனுப்பும் திரும்பும் முகவரி, புறப்பட்டபோது அனுப்பியதோடு ஒத்திருக்க வேண்டும். கோடைத் திருடியவர் பயன்படுத்த முடியாதபடி காக்கும் பிகேசிஇ முறையைப் பயன்படுத்தினால் அதன் 'வெரிஃபையர்' செஷனோடு தொலைந்திருக்கலாம். அப்போது முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். கிட்ஹப் டோக்கன் மறுக்கும்போதுகூட 200 என்றுதான் சொல்லும், பிழை உள்ளடக்கத்தில் இருக்கும். நிலை எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் இதில் ஏமாறும்.

டோக்கன் 'இன்னும் தொடங்கவில்லை' அல்லது 'காலாவதி' என்கிறது

சர்வரின் கடிகாரம் தவறு. அலுவலகத்து மூலையில் கிடக்கும் பழைய கணினியையே சர்வராக வைத்திருக்கும் இடங்களில் இது சகஜம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மின்சாரம் போய் வரும், மதர்போர்டின் பேட்டரி செத்திருக்கும், கடிகாரம் பின்னுக்குப் போய்விடும்.

இந்திய நேரம்தான் காரணம் என்று சிலர் நேர மண்டலத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். டோக்கனில் உள்ள நேரம் 1970 முதல் எண்ணிய விநாடிகள். அதற்கு நேர மண்டலம் கிடையாது. ஆனால் மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும் சர்வரில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் நேரத்தை வைத்திருந்தால், அது 19,800 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். கூகுளின் அடையாள டோக்கனுக்கு ஒரு மணி நேரமே ஆயுள் என்பதால், பிறந்த டோக்கன் எல்லாம் வந்தவுடனே காலாவதி ஆகிவிடும். 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் நேரம் ஒத்திசைகிறதா என்று பாருங்கள். நேரத்தைத் தானாக ஒத்திசைக்கும் குரோனி நிரலை நிறுவி விட்டுவிடுங்கள்.

உள்ளே வந்தார், ஆனால் மின்னஞ்சல் இல்லை. அல்லது வேறொருவராக வந்தார்

குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் போன் எண்ணை மட்டும் வைத்தே ஃபேஸ்புக் கணக்கு தொடங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் உள்ளே வரும்போது மின்னஞ்சல் வராது. மின்னஞ்சல் கட்டாயம் என்று தரவுத்தளத்தில் எழுதியிருந்தால் சர்வர் விழும். கிட்ஹப்பில் மின்னஞ்சலை மறைத்தவர்களுக்கு 'யூசர்:ஈமெயில்' அனுமதி கேட்டு, மின்னஞ்சல் பட்டியலைத் தனியாக எடுக்க வேண்டும். ஆப்பிள் பயனரின் பெயரை முதல் முறை மட்டுமே தரும். அப்போது சேமிக்கத் தவறினால், அவர் ஆப்பிள் அமைப்புகளில் உங்கள் தளத்தை நீக்கிவிட்டு மீண்டும் வந்தால்தான் உண்டு. மின்னஞ்சலை மறைக்கச் சொன்னவர்களுக்கு ஆப்பிள் ஓர் இடைத்தரகு முகவரி தரும். உங்கள் அனுப்பும் டொமைனை ஆப்பிளிடம் பதியாவிட்டால் 'தேன் அனுப்பிவிட்டோம்' என்ற செய்தி போய்ச் சேராது.

ஆகவே ஆளை அடையாளம் காண மின்னஞ்சலை நம்பாதீர்கள். வழங்குநரின் பெயரும், அவர் தரும் 'சப்' என்ற மாறாத அடையாளச் சரமும் சேர்ந்ததே திறவுகோல். ஒரே மின்னஞ்சல் என்பதற்காக இரண்டு கணக்குகளைத் தானாக இணைக்கும் நிரலை எழுதுவதற்கு முன், அந்த மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது என்று வழங்குநர் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால், பழைய கடவுச்சொல்லைக் கேட்ட பிறகே இணையுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரோடு உள்ளே போகிறது என்ற புகார் பெரும்பாலும் பிரவுசிங் சென்டரிலிருந்தோ, வீட்டுக்கே ஒரு போன் உள்ள குடும்பத்திலிருந்தோ வரும். அந்தக் கருவியில் ஏற்கெனவே இருக்கும் ஒரே கூகுள் கணக்கை, கூகுள் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. கோரிக்கையில் 'பிராம்ப்ட்' என்பதற்கு 'செலக்ட்_அக்கவுன்ட்' என்று கொடுங்கள்; கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். உங்கள் தளத்தில் வெளியேறினால் கூகுளிலிருந்தும் வெளியேறிவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள். வெளியேறும் பக்கத்தில், பொதுக் கணினி என்றால் கூகுளிலும் வெளியேறுங்கள் என்று எழுதிவையுங்கள்.

சில்லறைகள்

எல்லாம் முடிந்து கடைசியில் 502 வந்தால் என்ஜின்எக்ஸ் லாக்கில் 'டூ பிக் ஹெடர்' என்று தேடுங்கள். டோக்கனை எல்லாம் குக்கியில் திணித்திருப்பீர்கள். 'பிராக்ஸி_பஃபர்_சைஸ்' மதிப்பை உயர்த்தலாம். டோக்கனைச் சர்வரில் வைப்பதே மேல். ரெயில்ஸில் எழுதிய தளம், ஆம்னிஆத் என்ற உள்நுழைவு லைப்ரரியின் 2.0-க்கு மாறிய பின் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால், அது இப்போது இயல்பாக போஸ்ட் கோரிக்கையை மட்டுமே ஏற்கிறது. இணைப்பைப் படிவப் பொத்தானாக மாற்றுங்கள்.

இதற்கும் மேல் யாரிடமாவது உதவி கேட்பதானால், எந்த இடத்தில் நின்றது, முகவரிப் பட்டியில் யார் பெயர், பிழையின் முழு வரி, கூகுளுக்குப் போன திரும்பும் முகவரி ஆகிய நான்கையும் அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அனுப்பாதீர்கள். நெட்வொர்க் தாவலிலிருந்து சேமித்த கோப்பில் குக்கியும் கோடும் டோக்கனும் அப்படியே இருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள். சீக்ரெட் ஏதாவது ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் ஏற்கெனவே போய்விட்டது என்றால், செய்தியை நீக்கிப் பயனில்லை. கன்சோலில் புதிய சீக்ரெட் உருவாக்கி, சர்வரில் மாற்றி, பழையதை ரத்து செய்யுங்கள்.